ஆப்பிள் வண்டிக்கு ஒரு ரோடு, பள்ளிப் பிள்ளைக்கு ஒரு பாதை

நெதர்லாந்து பால் பண்ணைகளைப் பற்றி இரண்டு இதழ்களுக்கு முன் எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகி ஒருவர் கேள்வி அனுப்பியிருந்தார். கேள்வி மாட்டைப் பற்றியது அல்ல. "அங்க எல்லாரும் சைக்கிள்லதான் போவாங்கன்னு எழுதியிருந்தீங்க. எங்க ஊர் ரோட்டை அகலப்படுத்தினதுல இருந்து, மகளுக்கு அரசாங்கம் கொடுத்த சைக்கிள் திண்ணையிலதான் கிடக்குது. லாரி போற வேகத்தைப் பார்த்தா அனுப்ப மனசு வரல. பஸ் வராத நாள் அவளுக்கு லீவு. அந்த ஊர்ல மட்டும் பிள்ளைங்க எப்படிப் பயமில்லாம போகுது?" என்று கேட்டிருந்தார். கேள்வி-பதில் பகுதியில் நாலு வரியில் முடிக்கக்கூடிய விஷயம் இல்லை இது. அதனால் ஆசிரியரிடம் சொல்லி, தனியாக எழுதுகிறேன்.

நான் போனது வாகனிங்கன் என்ற சிறிய ஊருக்கு. வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குப் பேர்போன ஊர். செப்டம்பர் மாதம், மூன்று வாரப் பயிற்சி. தங்கும் அறையின் சாவியோடு ஒரு பழைய சைக்கிளின் சாவியையும் கொடுத்துவிட்டார்கள். நம் ஊர் பால்காரர் சைக்கிளைப் போலக் கனமான வண்டி. கைப்பிடியில் பிரேக் கிடையாது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால்தான் நிற்கும். போதாக்குறைக்கு அங்கே சாலையின் வலப்பக்கம் போக வேண்டும். ஐம்பது வயதைக் கடந்தவனுக்கு இது என்ன சோதனை என்றுதான் முதல் நாள் தோன்றியது. நான்காம் நாள் சாயங்காலம், வகுப்பு முடிந்ததும் தனியாக ஆற்றங்கரை வரை போய்விட்டு வந்தேன். அதன் பிறகு சைக்கிளை விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரைன் ஆற்றின் கிளையைக் கடந்து அக்கரைக்குப் போனேன். அங்கே பாலம் இல்லை. லெக்ஸ்கஸ்வேர் என்ற படகுத்துறையில், தட்டையான இரும்புப் படகு ஒன்று கரைக்கும் கரைக்குமாகப் போய்வருகிறது. கார், டிராக்டர், சைக்கிள் எல்லாம் அதில்தான் ஏறும். அக்கரையில் இருப்பது பெத்துவே என்ற பகுதி. இரண்டு ஆறுகளுக்கு நடுவே கிடக்கும் களிமண் பூமி. ஆப்பிள், பேரிக்காய், செர்ரி எல்லாம் அங்கே பிரசித்தம். நான் போனது அறுவடை நேரம். பழக்கூடைகள் அடுக்கிய டிரெய்லர்களை இழுத்துக்கொண்டு டிராக்டர்கள் தோட்டத்துக்கும் குளிர்பதனக் கிடங்குக்குமாக ஓடிக்கொண்டிருந்தன. அதே பகுதியில் சைக்கிளில் குடும்பம் குடும்பமாகவும் போகிறார்கள். முன்னால் அம்மா, நடுவில் ஏழெட்டு வயதுப் பிள்ளை, பின்னால் அப்பா. எழுபதைத் தாண்டிய கிழவிகள் இரண்டு பேர் என்னைச் சாவகாசமாக முந்திக்கொண்டு போனார்கள். பிறகுதான் கவனித்தேன், அவர்களுடையது பேட்டரி சைக்கிள்.

அந்த நாள் முழுக்க நான் கவனித்தது ஒன்றைத்தான். எந்தெந்த இடத்தில் வண்டியும் சைக்கிளும் ஒரே ரோட்டில் போகின்றன, எந்தெந்த இடத்தில் பிரிந்துவிடுகின்றன என்று. இதற்கு அங்கே ஒரு கணக்கு இருக்கிறது.

ஊருக்கு ஊர் போகும் பெரிய சாலையில் கார்களுக்கு மணிக்கு 80 கி.மீ. வேகம் அனுமதி. அந்த வேகம் உள்ள ரோட்டில் சைக்கிளுக்கு இடமே கிடையாது. சைக்கிள் பாதை தனியாக, பக்கத்தில் ஓடும். நடுவே வெள்ளைக் கோடு போட்டுப் பிரிப்பதோடு விட்டுவிடவில்லை. புல் முளைத்த வரப்பு, சில இடங்களில் மரவரிசை, பல இடங்களில் ஒரு வாய்க்காலே இடையில் கிடக்கிறது. கார்க்காரர் தூங்கி வழிந்தாலும் வாய்க்காலில்தான் விழுவார். சைக்கிள் பாதைக்கு வரமாட்டார்.

சில சாலைகளில் வேறு ஏற்பாடு. பெரிய ரோட்டை ஒட்டி இணையாக ஒரு சிறு ரோடு போகும். தோட்டத்துக்குப் போகிற டிராக்டரும், பண்ணை வீட்டுக்காரர்களின் காரும், சைக்கிளும் அதில். டிராக்டர் மெதுவாகப் போகிற வண்டி என்பதால் அதை வேகமான ரோட்டிலிருந்து இறக்கி, மெதுவான கூட்டத்தோடு சேர்த்துவிடுகிறார்கள். நம் நான்குவழிச் சாலைகளின் ஓரத்தில் சர்வீஸ் ரோடு போடுகிறார்களே, அதே யோசனைதான். வித்தியாசம், அங்கே அது நடுவில் அறுபடுவதில்லை. பாலத்துக்கு வந்ததும் காணாமல் போவதில்லை.

ஊருக்குள் நுழைந்தால் பெரும்பாலான தெருக்களில் 30 கி.மீ. வேகம். அங்கே தனிப் பாதை கிடையாது, தேவையும் இல்லை. ரோட்டையே குறுக்கி, செங்கல் பதித்து, அங்கங்கே மேடு வைத்து, நினைத்தாலும் வேகமாகப் போக முடியாதபடி செய்திருக்கிறார்கள். போர்டைப் பார்த்து வேகத்தைக் குறைக்கிற மனிதன் எந்த நாட்டிலும் குறைவு. செங்கல் தரையில் வண்டி தடதடக்கும்போது கால் தானாக பிரேக்குக்குப் போகும்.

வயல்களுக்கு நடுவே போகும் ரோடுகள் நம் பஞ்சாயத்து யூனியன் ரோடு மாதிரி. வேகம் 60. நடுக்கோடு இல்லை. இரண்டு ஓரத்திலும் விட்டுவிட்டுப் போட்ட கோடு. சைக்கிள் ஓரத்தில் போகும், கார் நடுவில் போகும். எதிரில் வண்டி வந்தால் கார்தான் ஓரத்துக்கு ஒதுங்க வேண்டும். அங்கே சைக்கிள் இருந்தால் காத்திருக்க வேண்டும். நடுக்கோடு போட்டால் ஓட்டுநருக்குத் 'தன் பாதி' என்ற தைரியம் வந்துவிடுகிறது. அதனால்தான் அதைப் போடவில்லை.

எல்லாம் சொர்க்கம் என்று எழுத மாட்டேன். ஆற்றங்கரை மேட்டின் மேல் ஒரு குறுகிய ரோடு போகிறது. அதில் தனிப் பாதை போட இடமில்லை. விடுமுறை நாளில் மோட்டார் சைக்கிள் கூட்டம், கார், டிராக்டர், சைக்கிள் எல்லாம் அந்த ஒரே ரோட்டில். ஒரு பெரிய டிராக்டர் பின்னால் வந்து உறுமியபோது எனக்கு நம் ஊர் ஞாபகம்தான் வந்தது. மொபெட்டுகளைச் சைக்கிள் பாதையில் விடுவதைப் பற்றியும் அந்த ஊர்க்காரர்களுக்கே மனக்குறை உண்டு.

சந்திப்புகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நேர் ரோட்டைவிட ஆபத்து அங்கேதான். ரவுண்டானாவைச் சுற்றி வெளிவட்டமாகச் சிவப்புத் தாரில் சைக்கிள் பாதை போகிறது. ரவுண்டானாவிலிருந்து வெளியேறுகிற கார், சைக்கிள் பாதையைக் கடப்பதற்கு முன் ஒரு கார் நீளத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள். காரை முழுதாகத் திருப்பி, நேராக நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போக அந்த இடம். திரும்பும்போதே சைக்கிளைக் கவனி என்று ஓட்டுநரிடம் இரண்டு வேலையை ஒரே நேரத்தில் கேட்கவில்லை. லாரி திரும்பும்போது பக்கத்தில் இருக்கிற சைக்கிள், ஓட்டுநரின் கண்ணுக்கே படாது. கரும்பு லாரி ஓட்டுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பெரிய சாலையைக் கடக்கச் சில இடங்களில் சுரங்கப்பாதை. இதில் ஒரு நுணுக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது. லாரி போக நாலு மீட்டருக்கு மேல் உயரம் வேண்டும்; சைக்கிள்காரருக்கு இரண்டரை மீட்டர் போதும். அதனால் மேலே போகும் பெரிய ரோட்டைக் கொஞ்சம் உயர்த்தி, சைக்கிள் பாதையைக் கொஞ்சம்தான் இறக்குகிறார்கள். முதலில் இறக்கம் வருவதால் கிடைக்கிற வேகமே மறுபக்கம் ஏற உதவுகிறது. வாய்க்காலுக்கு மட்டம் பார்க்கிறவர்கள் செய்த வேலை என்று பார்த்ததும் தெரியும். அந்த நாட்டில் பாதி வேலை தண்ணீரோடுதானே.

சரி, இதெல்லாம் எப்போது வந்தது? இங்கேதான் நம்மில் பலர் தவறாக நினைக்கிறோம். "அது பணக்கார நாடு, சமவெளி நாடு, ஒழுங்கான ஜனங்கள், அதனால் நடக்கிறது" என்கிறோம். சமவெளி என்பது மட்டும் சரி. ஆனால் ஐம்பது வருடத்துக்கு முன் அதே சமவெளியில் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் உலகப் போருக்கு முன் அந்த நாட்டில் எல்லோரும் சைக்கிள்தான். போர் முடிந்து காசு புழங்க ஆரம்பித்ததும் கார் வந்தது. 1950-களிலும் 60-களிலும் சந்தைவெளிகளெல்லாம் கார் நிறுத்தும் இடமாயின. ரோடுகளை அகலப்படுத்தினார்கள். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் வருடா வருடம் குறைந்தார்கள். 1971-ல் அந்தச் சிறிய நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 3,000-க்கும் மேல். அவர்களில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். மகளை ரோட்டில் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் அதைப் பற்றி எழுதினார். 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்ற பொருள் தரும் பெயரில் ஓர் இயக்கம் கிளம்பியது. பெற்றோர்கள் தெருவை அடைத்துப் பிள்ளைகளை விளையாட விட்டார்கள். சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். இயக்கத்தின் முதல் தலைவியாக இருந்த மார்த்யெ வான் புட்டன் பிற்பாடு ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். 1975-ல் சைக்கிள் ஓட்டுநர்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கியது; இன்றும் இருக்கிறது.

அந்தச் சமயம் பார்த்து 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. நவம்பர் 4-ம் தேதி முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக்கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. நெடுஞ்சாலைகள் காலியாகக் கிடந்தன. ஜனங்கள் அதில் சைக்கிளும் குதிரையும் ஓட்டினார்கள். கார் இல்லாமல் தெரு எப்படி இருக்கும் என்று நாடு முழுக்க ஒருமுறை பார்த்துவிட்டது. பெற்றோர்களின் குரலும் பெட்ரோல் தட்டுப்பாடும் சேர்ந்து வராமல் போயிருந்தால் அரசு அசைந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

முதலில் ஹேக், தில்பர்க் என்ற இரண்டு நகரங்களில் மாதிரிக்கு ஒவ்வொரு நல்ல சைக்கிள் பாதை போட்டார்கள். பாதை நன்றாகவே இருந்தது. ஆனால் எதிர்பார்த்த அளவுக்குப் புதிதாக ஆட்கள் சைக்கிளுக்கு வரவில்லை. காரணம் நமக்குப் புரியும். பெரிய வாய்க்காலைக் கான்கிரீட்டில் கட்டிவிட்டு, கிளை வாய்க்கால் வெட்டாமல் விட்டால் வயலுக்குத் தண்ணீர் வருமா? வீட்டிலிருந்து அந்தப் பாதைக்குப் போகிற ரோடும், பாதை முடிந்து பள்ளிக்கூடத்துக்குப் போகிற ரோடும் பழையபடி ஆபத்தாகவே இருந்தன. 1980-களில் டெல்ஃப்ட் நகரம் வேறு மாதிரி யோசித்தது. விடுபட்ட இணைப்புகளையெல்லாம் பட்டியல் போட்டு, ஊர் முழுக்க ஒரு வலையாகப் பின்னியது. அதற்குப் பிறகுதான் பலன் தெரிந்தது. இன்று நாடு முழுக்க சுமார் 35,000 கி.மீ. சைக்கிள் பாதை இருக்கிறது. ஒன்றே முக்கால் கோடிக்கும் சற்று அதிகமான மக்கள். சைக்கிள்கள் இரண்டு கோடிக்கு மேல்.

பக்கத்து நாடுகளில் இதே கதை வேறு விதமாக ஓடுகிறது. டென்மார்க்கில் சைக்கிள் பாதையை ரோட்டைவிட ஒரு படி உயர்த்தி, நடைபாதையைவிட ஒரு படி தாழ்த்திக் கட்டுகிறார்கள். குறுக்கே திரும்ப வேண்டியவர் நேராகச் சந்திப்பைக் கடந்துபோய் நின்று, சிக்னல் மாறிய பிறகு அடுத்த பக்கம் போக வேண்டும், இரண்டு தவணை. ஜெர்மனியில் பல ஊர்களில் நடைபாதையையே பாதியாக்கி சைக்கிளுக்குக் கொடுத்தார்கள். நடப்பவருக்கும் சைக்கிள்காரருக்கும் சண்டை, தெரு திரும்பும் இடத்தில் லாரி ஓட்டுநர் கண்ணில் படாத ஆபத்து, இரண்டும் அதில் உண்டு. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நீண்ட காலம் பெயின்ட் வாளியை வைத்தே வேலையை முடித்தார்கள். ரோட்டோரம் ஒரு வெள்ளைக்கோடு, அதற்குள் சைக்கிள் படம். நிறுத்தியிருக்கிற காரின் கதவு திடீரென்று திறந்தால் சைக்கிள்காரர் அதில் மோதி, ஓடுகிற வண்டிகளின் அடியில் போய் விழ வேண்டியதுதான். ஒரு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டினால் உயிருக்கு என்ன ஆபத்து என்று கணக்குப் பார்த்தால், நெதர்லாந்தைவிட அமெரிக்காவில் பல மடங்கு அதிகம். இத்தனைக்கும் ஹெல்மெட் போடுகிறவர்கள் அமெரிக்காவில்தான் அதிகம். நெதர்லாந்தில் அன்றாடம் பள்ளிக்கும் வேலைக்கும் போகிறவர்கள் தலையில் ஹெல்மெட்டை நான் பார்க்கவே இல்லை. அதைச் சரி என்று சொல்லவில்லை. தலையில் போடுவதைவிடத் தரையில் போடுவது அதிகம் காப்பாற்றியிருக்கிறது என்கிறேன்.

சீனாவை விட்டுவிட முடியாது. ஒரு காலத்தில் சைக்கிள் ராஜ்யம் என்றே பெயர். பெரிய நகரங்களில் மரம் வைத்துப் பிரித்த அகலமான சைக்கிள் ரோடுகள் இருந்தன. கார் பெருகிய பிறகு பல இடங்களில் அவற்றைச் சுருக்கிக் காருக்குக் கொடுத்தார்கள். நல்ல பாதை இருந்தால் அது எப்போதும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

இனி நம் தொழிலோடு சேர்ந்த பகுதிக்கு வருகிறேன். பயிற்சியின் ஒரு பகுதியாக ஒரு மாட்டுப் பண்ணையில் இரண்டு நாள் இருந்தேன். தீவனத்துக்கு மக்காச்சோளம் அறுக்கிற சமயம். அறுவடை இயந்திரமும், நம் ஊர் லாரியைவிடப் பெரிய டிரெய்லர் இழுக்கும் டிராக்டர்களும் வாடகைக்கு வந்திருந்தன. அந்தக் கிராமத்துப் பிள்ளைகள் மேல்நிலைப் பள்ளிக்குப் பத்துப் பன்னிரண்டு கி.மீ. சைக்கிளில் போகிறவர்கள். பண்ணைக்காரர் காலை ஏழரையிலிருந்து எட்டரை வரை டிரெய்லரை ரோட்டுக்கு விடவில்லை. வயலுக்குள்ளேயே வேறு வேலை கொடுத்தார். வாடகை மணிக்கணக்கு, ஒரு மணி நேரம் என்பது அவருக்குக் காசு. ஏன் என்று கேட்டேன். சட்டம் அப்படிச் சொல்லவில்லை, என் மகளும் அந்தக் கூட்டத்தில்தான் போகிறாள் என்றார்.

சட்டம் சொல்கிற விஷயங்களும் உண்டு. அறுவடையின்போது சக்கரத்தில் ஒட்டிய சேறு ரோட்டில் விழுந்தால், அதைச் சுத்தம் செய்ய வேண்டியது விவசாயியின் பொறுப்பு. சேற்றில் வழுக்கி யாராவது விழுந்தால் நஷ்ட ஈடு அவர் தலையில் வரும். அதனால் வயல் வாசலில் 'வழுக்கும்' என்று போர்டு வைக்கிறார்கள். சாயங்காலம் தள்ளுபலகை வைத்து வழிக்கிறார்கள். டிராக்டர் ஓட்ட 2015 முதல் தனி ஓட்டுநர் உரிமம் கட்டாயம். 2021 முதல் டிராக்டர்களைப் பதிவு செய்யவும் வேண்டும். இதற்கெல்லாம் விவசாயிகள் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள் என்று நினைக்காதீர்கள். முணுமுணுப்பு அங்கேயும் உண்டு.

மோட்டார் வாகனம் சைக்கிள்காரர் மேல் மோதினால் நஷ்ட ஈட்டுச் சட்டம் பலவீனமானவர் பக்கம் சாய்ந்திருக்கிறது. மோதப்பட்டது 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையாக இருந்தால், பிள்ளை மேல் தப்பு இருந்தாலும் வண்டிக்காரர் தரப்பு முழு நஷ்ட ஈடு தர வேண்டும். வேண்டுமென்றே செய்ததற்குச் சமமான செயலாக இருந்தால்தான் விலக்கு. பெரியவராக இருந்தால், வண்டிக்காரரால் எந்த வகையிலும் தவிர்த்திருக்க முடியாத விபத்து என்று நிரூபிக்காத வரை, குறைந்தது பாதியாவது தர வேண்டும். இது சிறைத் தண்டனை பற்றிய சட்டம் அல்ல, காப்பீட்டுப் பணம் பற்றியது. ஆனாலும் அங்கே கார் ஓட்டுகிற ஒவ்வொருவருக்கும் இது தெரியும்.

பிள்ளைகளையும் சும்மா விடுவதில்லை. தொடக்கப் பள்ளியின் கடைசி வகுப்புகளில், பத்துப் பன்னிரண்டு வயதில், சாலைத் தேர்வு நடக்கிறது. எழுத்துத் தேர்வு ஒன்று, உண்மையான தெருவில் சைக்கிள் ஓட்டிக்காட்டும் தேர்வு ஒன்று. பள்ளி மைதானத்துக்கே ஒரு லாரியைக் கொண்டுவந்து, பிள்ளைகளை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, பக்கத்தில் நிற்கிற மற்ற பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிகிறார்களா என்று காட்டுகிறார்கள். தெரியமாட்டார்கள். இதைவிட நல்ல பாடம் எனக்குத் தோன்றவில்லை. நம் ஊரில் ஒரு டிப்பர் லாரியும் ஒரு மதிய நேரமும் இருந்தால் எந்தப் பள்ளியிலும் செய்யலாம்.

2023-ல் நெதர்லாந்தில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 684 பேர். அதில் 270 பேர் சைக்கிளில் போனவர்கள். காரில் இருந்து இறக்கிறவர்களைவிட சைக்கிளில் இறக்கிறவர்கள் இப்போது அதிகம். அவர்களில் முதியவர்கள் நிறையப் பேர். பேட்டரி சைக்கிளின் வேகமும் வயதும் சேர்ந்துகொள்கின்றன. எனக்கு அந்த இரண்டு கிழவிகளின் நினைவு வருகிறது. ஆக, அங்கேயும் கணக்கு முடிந்துவிடவில்லை. தமிழ்நாட்டில் 2022-ல் சாலையில் இறந்தவர்கள் 17,884 பேர். மக்கள்தொகையில் நாம் அவர்களைப்போல் நாலு மடங்கு. சாவில் சுமார் 25 மடங்கு.

கேள்வி கேட்ட சகோதரிக்கு இப்போது நேராகப் பதில். அங்கே பிள்ளைகள் தைரியசாலிகள் என்பதால் போகவில்லை. 80 கி.மீ. வேகத்தில் லாரி போகிற ரோட்டில் அந்த ஊர்த் தாய்மாரும் பிள்ளையை விடமாட்டார்கள். உங்கள் பயம் நியாயமானது. அந்தப் பயத்தைத்தான் அவர்கள் 1970-களில் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். நமக்கும் சைக்கிள் புதிதல்ல. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். பிறகு பள்ளி மாணவிகளுக்கும் மாணவர்களுக்கும் அரசே சைக்கிள் கொடுத்தது. வண்டி வந்துவிட்டது. அது போக வேண்டிய பாதைதான் வரவில்லை.

நெடுஞ்சாலையை நாம் மாற்ற முடியாது. ஆனால் பள்ளிக்கு அந்த ரோடு ஒன்றுதான் வழியா என்று ஒருமுறை பாருங்கள். நெதர்லாந்தில் சைக்கிள் பாதைகளில் கணிசமானவை ஆற்றுக்கரை மேலும் வாய்க்கால் கரை மேலும்தான் போகின்றன. நம் ஊர்களிலும் ஏரிக்கரை, வாய்க்கால் கரை, வண்டிப்பாதை என்று குறுக்கு வழிகள் உண்டு. சீமைக்கருவேலம் மூடிக் கிடக்கும், அல்லது மழையில் அரித்திருக்கும். முள்ளை வெட்டி, கிராவல் கொட்டி, இரண்டு விளக்குப் போட்டால் பத்துப் பதினைந்து பிள்ளைகள் சேர்ந்து போகலாம். பெண்பிள்ளைகளைத் தனி வழியில் விடத் தயக்கம் இருக்கும். அதனால்தான் விளக்கும் கூட்டமும் அவசியம் என்கிறேன். நெடுஞ்சாலையைக் கடக்கிற இடம் மட்டும் மிச்சமிருக்கும். அங்கே வேகத்தடை, தடுப்பு, மஞ்சள் விளக்கு கேட்கலாம்.

இன்னொரு சின்ன விஷயம், போகிற போக்கில். பெல்ஜியத்தில் லிம்பர்க் என்ற பகுதியில் நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன. பாதைகள் பிரியும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் கொடுப்பது சுரங்க வழக்கம். ஹூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளர் அதே முறையை 1990-களில் சைக்கிள் பாதைகளுக்குக் கொண்டுவந்தார். 23, 41, 17 என்று எண்களைக் காகிதத்தில் குறித்துக்கொண்டால் போதும், மொழி தெரியாத நானே பெத்துவே முழுக்கச் சுற்றி வந்தேன். மேப்பும் வேண்டாம், போனும் வேண்டாம்.

நம் பங்குக்கு வருவோம். இதைப் படிக்கிறவர்களில் டிராக்டர் வைத்திருப்பவர்கள் நிறைய. சேற்று உழவு முடித்துக் கேஜ் வீலோடு தார் ரோட்டில் ஏறுவது, ரோட்டைக் கொத்திப்போடுவது மட்டுமல்ல; பின்னால் சைக்கிளில் வருகிற பிள்ளை அந்தச் சேற்றில் வழுக்கும். டிரெய்லருக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பும் வைக்கோலும் சைக்கிள்காரர் முகத்துக்கு நேராகத்தான் வருகிறது. இரவில் டிரெய்லரை ரோட்டோரம் நிறுத்திவிட்டு, பின்பக்கம் ஒரு பச்சிலையை வெட்டிப் போட்டுவிட்டுப் போகிறோம். பச்சிலை இருட்டில் தெரியாது. பின்பக்கமும் இரண்டு பக்கவாட்டிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்ட அரை மணி நேரம் ஆகாது. சோளம், கேழ்வரகு, உளுந்து காயப்போடுவதும் அப்படித்தான். களம் இல்லாத கஷ்டம் எனக்குத் தெரியும். களம் கேட்டு மனு எழுதிக் கொடுத்தே எனக்குப் பாதி சர்வீஸ் போய்விட்டது. ஆனாலும் வளைவிலும் பள்ளி நேரத்திலுமாவது ரோட்டைவிட்டுத் தள்ளிப் போடலாம்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பள்ளிப் பாதை பற்றித் தீர்மானம் போடச் சொல்லுங்கள். 'சாலை வசதி வேண்டும்' என்று மொட்டையாக எழுதினால் கோப்பில் தூங்கும். எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எத்தனை மீட்டர், எத்தனை பிள்ளைகள், எந்த நேரத்தில் போகிறார்கள், இதுவரை எங்கே விபத்து நடந்திருக்கிறது என்று எழுத வேண்டும். நெடுஞ்சாலையைக் கடக்கும் இடத்துக்குத் தனி மனு. அதை மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ள சாலைப் பாதுகாப்புக் குழுவின் பெயருக்கு எழுதி, திங்கள்கிழமை குறைதீர் நாளில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வாய்க்கால் கரை என்றால் நீர்வளத் துறையின் அனுமதி வேண்டும். அதற்கும் ஒரு நகல் அனுப்புங்கள். மனுவில் தலைமையாசிரியரின் கையெழுத்தும் சேர்ந்தால் நல்லது. பிள்ளைகளின் எண்ணிக்கையைச் சரிபார்க்க அதிகாரி முதலில் போவது அவரிடம்தான்.